மடக்குக்கத்தியும் மூன்று தையலும்

என் வலது கை ஆள்காட்டி விரலில், நடு மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. மூன்று தையல் போட்ட தழும்பு. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய மடக்குக்கத்தியின் வேலை. கத்தி வெட்டிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அது வெட்டவில்லை, மூடிக்கொண்டது. விரல் அதன் வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை. காலையில் போனால் உர மூட்டையின் வாயை அறுப்பது, ராஃபியா கயிறு வெட்டுவது, தண்ணீர் போகும் கறுப்பு பாலி பைப்பைத் துண்டு போடுவது, நடவுக்குப் போகும் கன்றின் பிளாஸ்டிக் பையைக் கீறிக் கழற்றுவது, நடுவில் யாராவது கொய்யாப்பழம் கொண்டுவந்தால் அதை நாலாக்குவது என்று ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை கத்தி கைக்கு வரும். இதற்கெல்லாம் பாராங் என்ற வெட்டுக்கத்தி பெரிது. தள்ளுகத்தி தகடு மெலிசு, பைப்பில் வைத்து அழுத்தினால் உடைந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். ஆகவே பையில் ஒரு மடக்குக்கத்தி இருப்பதுதான் வசதி.

அன்றைக்கு மழை விட்ட மத்தியான நேரம். பாலி பைப்பில் ஓர் ஓட்டை போட வேண்டும். கத்தி முனையைக் குத்தினேன், இறங்கியது, சிக்கிக்கொண்டது. எடுப்பதற்காகப் பிடியைக் கூர்ப்பக்கமாக முறுக்கி நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அலகு பைப்பிலேயே நிற்க, பிடி மட்டும் மடிந்து வந்தது, என் விரலோடு சேர்ந்து. முதலில் வலிக்கவே இல்லை. சிவப்பாக ஏதோ கன்று மேல் சொட்டுகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட வேலை செய்யும் அண்ணன் துண்டைக் கிழித்துச் சுற்றி, மோட்டாரில் கிளினிக்குக் கூட்டிப்போனார். வழி முழுக்க, "கத்தி வாங்கினியா, பொறி வாங்கினியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. தையல் ஆறும் வரை வீட்டில் சும்மா இருந்த பத்து நாளில், அந்த 25 வெள்ளிக் கத்தியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு, நாக்கு மாதிரி ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. கத்தியைத் திறந்தால் அந்த நாக்கு அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்க வேண்டும். இந்த அமைப்பில் தவறில்லை. ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே நிற்கும். என்னுடையதில் நாக்கின் நுனி மட்டும், ஒரு முடி அளவுக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. நான் இறுக்கிப் பிடித்து முறுக்கியபோது அது நழுவிவிட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் கொண்டி பாதிதான் துளைக்குள் போயிருக்கிறது, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

மடக்குக்கத்தி விஷயத்தில் நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது இதுதான். அலகை யார் வேண்டுமானாலும் கூராகச் செய்துவிடலாம். பணம் போக வேண்டிய இடம் பூட்டு.

மச்சான் கைப்பேசியில் கோல்ட் ஸ்டீல் கம்பெனியின் காணொளிகளைக் காட்டினான். 1980இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வென்சுரா நகரில் லின் தாம்சன் என்பவர் தொடங்கிய கம்பெனி. 2020 கடைசியில் வேறு கைக்கு மாறியது. திறந்த கத்தியின் பிடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பூட்டு தாங்குகிறதா என்று காட்டுவார்கள். தொங்கும் இறைச்சியை ஒரே வீச்சில் அறுப்பார்கள். பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. சுங்கை சிப்புட்டில் யார் இறைச்சியைத் தொங்கவிட்டு வீசப்போகிறார்கள்? ஆனால் எடைக்கல் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் அன்றைக்குப் பைப்பில் செய்ததும் அதேதானே, அலகின் முதுகுப்பக்கம் பளு ஏற்றியது.

அந்தக் கம்பெனியின் பூட்டுக்கு ட்ரை-ஆட் என்று பெயர். ஆண்ட்ரூ டெம்கோ என்பவர் வடிவமைத்தது. இதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய முதுகுப் பூட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1964இல் வந்த பக் 110 கத்தியால் உலகம் முழுக்கப் பிரபலமான வகை அது. பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் கட்டை இருக்கும். அதன் கொக்கி அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். நாளாக நாளாகத் தேய்மானம் வந்தால் அலகு மேலும் கீழும் லேசாக ஆடலாம், பளுவும் நேராகக் கொக்கியின் மேல்தான் விழும். ட்ரை-ஆட்டில் அலகுக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவில் ஒரு கெட்டியான இரும்பு ஊசியைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். பளுவை அந்த ஊசி வாங்கிப் பிடியின் சட்டத்துக்குக் கொடுத்துவிடும். கட்டை சுழலும் அச்சுத் துளையிலும் கொஞ்சம் இடம் விட்டிருப்பதால், தேயத் தேய அது தானே இறங்கி இறுக்கிக்கொள்ளும். லயத்து வீட்டில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உலக்கையையும் கதவுக்கு முட்டுக்கொடுப்பார்களே பாட்டிமார், அந்த யோசனை.

சரி என்று அந்தக் கம்பெனியின் ரீகான் 1 வாங்கினேன். 4 அங்குல அலகு, 3.5 மில்லிமீட்டர் தடிப்பு, கிட்டத்தட்ட 150 கிராம் எடை, பிடிக்கு ஜி-10 என்ற கண்ணாடி இழைப் பலகை. தபால் செலவோடு 500 வெள்ளியைத் தாண்டியது. வீட்டில் 80 வெள்ளி என்று சொன்னேன். இந்தப் பொய்யை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

பூட்டைப் பற்றி மட்டும் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். இரண்டு வருடமாகக் குத்தியிருக்கிறேன், நெம்பியிருக்கிறேன், முறுக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட அசையவில்லை. கையில் வாங்கியதும் அலகை விரித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், பாறை மாதிரி நின்றது. விரலை எல்லாம் மடிப்பு வழியிலிருந்து ஒதுக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை ஓரத்தில் லேசாக நாலு தட்டு தட்டினேன். பாசார் மாலாம் கத்தியில் இதைச் செய்து பார்த்திருந்தால் எனக்குத் தையலே விழுந்திருக்காது. எந்தக் கத்தி வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். ஆனால் தட்டுவதுதான், சுத்தியலாக்கி அடிப்பதல்ல.

இவ்வளவு பலமான பூட்டுக்கும் ஓர் எதிரி உண்டு. அது சேறு. முதுகுப் பூட்டு வகை எல்லாவற்றிலும் கொக்கி போய் உட்காரும் பள்ளத்தில் மண் அடைந்துவிட்டால் கொக்கி முழுதாக இறங்காது. வெளியே பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். நர்சரி மண் ஈரமானது, பையில் இருந்தாலும் எப்படியோ உள்ளே போய்விடும். திறக்கும்போது 'டக்' என்று கேட்கும் சத்தம் மந்தமாக இருந்தால் நான் நிறுத்திவிடுவேன். பிடியின் முதுகில் கட்டை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வேலை. வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவி, டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் உள்ளே ஊதி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் அதுவே மண்ணைப் பிடித்து வைக்கும்.

இப்போது அப்பாவிடம் வருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் ஊர், இல்லாவிட்டால் 1948 ஜூனில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த ஊர். எங்கள் வீட்டில் அது பால்மரக் (ரப்பர் மரம்) கத்தியின் ஊர். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். அந்தக் கத்தியின் வளைந்த வாய் பட்டையை ஒரு தாள் போலச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய் உள்தோலைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது, கங்காணியின் வாய்தான் ஓடும். அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து தீட்டுகல்லில் கத்தி தீட்டுவது அவருக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. நான் எழுத்துப் படித்ததே அந்தச் சத்தத்தில்தான்.

ரீகானை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் நகத்தில் வாயை வைத்து நழுவுகிறதா என்று பார்த்தார். அப்புறம் ஒரு மாம்பழத்தை எடுத்து அறுத்தார். பழம் அறுபடவில்லை, பிளந்தது. தடித்த அலகு பாதி போனதும் ஆப்பு மாதிரி வேலை செய்கிறது, சாறெல்லாம் கையில் வழிந்தது.

"என்னாடா இது, வெறகு பொளக்குற கத்தி மாதிரி இருக்கு. எவ்வளவு?"

"எண்பது வெள்ளிப்பா."

"எண்பதா!" என்று சொல்லிவிட்டு மூட முயன்றார். மூட முடியவில்லை. அந்தப் பூட்டின் வில் அவ்வளவு இறுக்கம். கட்டை விரலில் நல்ல பலம் வேண்டும். என் கைக்குப் பழகிவிட்டது. எழுபது தாண்டிய கைக்கு அது கஷ்டம். பலத்துக்குக் கொடுக்கும் விலையில் அதுவும் ஒரு பங்கு, வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பரீட்சை சில மாதம் கழித்துத்தான் வந்தது. பாலி பைப், மண் ஒட்டிய பை, ராஃபியா எல்லாம் வெட்டிக் கத்தி மழுங்கிவிட்டது. அப்பா, "கொண்டா, நான் தீட்டித் தரேன்" என்று தன் பழைய கல்லை எடுத்தார். அரைமணி நேரம் தேய்த்தார். கல்தான் தேய்ந்தது. அவருக்கு முகமே சுருங்கிப் போனது. இத்தனை வருடத்தில் அவர் கல்லுக்குப் பணியாத இரும்பை அவர் பார்த்ததில்லை. கல்லிலும் குற்றமில்லை, கத்தியிலும் குற்றமில்லை. அதன் எஃகு எஸ்35விஎன் என்ற வகை. வனேடியம், நையோபியம் கலந்து உள்ளே மிகக் கடினமான பொடித் துகள்கள் இருக்கும். அதனால்தான் கூர் நீண்ட நாள் நிற்கிறது. அதனால்தான் சாதாரணக் கல் அதைக் கடிக்க மாட்டேன் என்கிறது. வைரத்தூள் பூசிய தகடு வாங்க வேண்டியதாயிற்று. அதில் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் நாற்றுப் பண்ணையில் நடுவெயிலில் கத்தி மழுங்கும்போது கையில் கிடைப்பது ஒரு கல்லோ, கவிழ்த்த பீங்கான் மங்கின் அடி வளையமோதான். அங்கே தீட்ட முடியாத எஃகு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எனக்குப் பாதிதான் உயர்ந்தது.

இதனால்தான் இரண்டாவது வருடம் அதே கம்பெனியின் ஃபின் உல்ஃப் வாங்கினேன். பூட்டு அதே ட்ரை-ஆட். அலகு 3.5 அங்குலம், எடையும் குறைவு, பிடி கெட்டி நைலான் வகை. எஃகு ஏயூஎஸ்-8 என்ற ஜப்பானிய வகை, அந்த இன்னொன்றைவிடச் சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டிக்கொள்ளலாம். விலையும் பாதிக்குக் கீழே. முக்கியமாக அதன் வாய் பின்லாந்துக் கத்திகளைப் போல ஒரே அகலச் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானே அமைந்துவிடுகிறது; கணக்குப் பார்க்க வேண்டாம். அப்பா ஒரே ஒரு தடவை கல்லில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கத்தி" என்றார். முன்கை முடியைச் சிரைத்துக் காட்டினார். ரீகான் இப்போது லோரியின் சாமான் பெட்டியில் இருக்கிறது. முரட்டு வேலை வந்தால் வெளியே வரும், மாதத்தில் இரண்டு மூன்று நாள்.

பிரான்சின் ஒப்பினெல் கத்தி பற்றியும் சிலர் கேட்டார்கள். 1890இல் தொடங்கிய பழைய பெயர். மெலிந்த அலகு, பழத்துக்கும் வெங்காயத்துக்கும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 1955இலிருந்து கழுத்தில் ஒரு திருகு வளையம் வைத்துப் பூட்டுகிறார்கள், சாதாரண வேலைக்கு அது போதும். ஆனால் பிடி பீச் (beech) மரம். நம் ஊர் ஈரத்தில் மரம் தண்ணீர் குடித்து உப்பினால் அலகை வெளியே இழுக்க நகம் போதாது. பிடியின் அடியை மேசையில் தட்டித்தான் எடுக்க வேண்டும். கரிம எஃகு அலகானால் எலுமிச்சம்பழம் அறுத்ததும் துடைக்க வேண்டும். வீட்டுக்கு, கோயில் வேலைக்கு, பசியாற உட்காரும் இடத்துக்கு நல்ல கத்தி. மழையிலும் சேற்றிலும் நிற்கும் எனக்கு அது சரிப்படாது.

துரு என்றதும் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் நிறையப் போடுவோம். அது பொட்டாசியம் குளோரைடு. கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. ஒரு வெள்ளிக்கிழமை மூட்டை அறுத்த கத்தியைத் துடைக்காமல் ஈரக் கால்சட்டைப் பையில் போட்டுவிட்டு, கால்சட்டையைக் கூடையில் எறிந்துவிட்டு, ஞாயிறு வரை மறந்துபோனேன். வாயின் ஓரத்தில் மிளகு தூவியது போலப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்தாலும் உப்புக்கு அது பெயர் பார்ப்பதில்லை. தீட்டி எடுத்துவிட்டேன், ஆனால் ஒரு வருடத்துத் தேய்மானம் ஒரே நாளில் போயிற்று. உரம் தொட்ட கத்திக்கு உடனே தண்ணீர், பிறகு துணி. வேறு மருந்து இல்லை.

அப்புறம் போலீஸ். இதை எழுதாமல் விட்டால் எழுதியதே வீண். மலேசியாவில் பொது இடத்தில் ஆயுதம் என்று கருதத்தக்க பொருளைத் தகுந்த காரணமில்லாமல் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். சிறையோடு பிரம்படியும் உண்டு. சட்டபூர்வமான வேலைக்காக என்றால் விஷயம் வேறு, ஆனால் அதைச் சாலையோரத்தில் நின்று விளக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒரு சாயங்காலம் கோலகங்சார் பக்கம் ரோட் பிளாக்கில் என் கால்சட்டைப் பையின் ஓரத்தில் தெரிந்த கத்தியின் கிளிப்பைப் பார்த்து, இறங்கு என்றார் அந்தப் போலீஸ்காரர். பூட்ஸில் சேறு, லோரியின் பின்னால் பைப்பும் கன்றும். "உன்டுக் கெர்ஜா, துவான்" (வேலைக்குத்தான், ஐயா) என்றேன். கன்றுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை முடிந்தால் பெட்டியில் போடு, பையில் வைக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதே கத்தியோடு அதே நான், ராத்திரி பத்து மணிக்கு, சலவை சட்டையில் மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றிருந்தால் கதை இப்படி முடிந்திருக்குமா? அதிலிருந்து பண்ணையை விட்டுக் கிளம்பும்போதே கத்தி பெட்டிக்குள் போய்விடும். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகளின் பக்கமே போகாதீர்கள். பெயர் பெற்ற கம்பெனிகள் கறுப்பு அலகும் சண்டைக்காரன் தோற்றமுமாக விற்பவற்றையும் நம் ஊருக்கு யோசித்து வாங்குங்கள். பார்வைக்குச் சாதுவான கத்தி பாதித் தொல்லையைக் குறைக்கும். ஃபின் உல்ஃபை நான் விரும்ப அதுவும் ஒரு காரணம்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, கத்தியைக் குத்தி நெம்பும் வேலை உங்களுக்கு உண்டா என்பதுதான். உண்டு என்றால் அந்தப் பூட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. மூன்று தையலுக்கு நான் இழந்த பத்து நாள் சம்பளத்தைக் கணக்குப் போட்டால் லாபம்தான். கடிதம் பிரிக்க, ஆப்பிள் நறுக்க என்றால் வேண்டாம், மெலிந்த கத்தி எதுவும் இதைவிட நன்றாக அறுக்கும். வாங்கினால் பெரிய மாடலுக்கு ஆசைப்படாதீர்கள். இணையத்தில் அசல் விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது என்றால் அது அசல் அல்ல. போலியில் முதலில் ஏமாற்றுவது பூட்டைத்தான், அதற்காகத்தானே நாம் வாங்குகிறோம்.

ஃபின் உல்ஃப் இப்போது பெரும்பாலும் அப்பாவிடம்தான் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் வெற்றிலைக்குப் பாக்குச் சீவுவதும் மங்குஸ்தான் தோலை வளையமாக அறுப்பதும் அதில்தான். அதன் விலை என்ன என்று அவர் கேட்டபோது, முதல் கத்தி 80 என்று சொல்லியிருந்ததால் இது 40 என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் அதை அப்படியே பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமாவும் பழைய பால்மரக்காரர், நல்ல கத்தியைக் கண்டால் விடமாட்டார். நேற்று ராத்திரி வேலிப்பக்கம் கூப்பிட்டு, தனக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று 80 வெள்ளியை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டார்.